தோல் சொல்வதும் மூளை தீர்மானிப்பதும்

ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ரோலண்ட் யோஹான்சன் பதிவுசெய்த ஒரு சோதனை நரம்பியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படுகிறது. ஒரு பெண் தீப்பெட்டியிலிருந்து குச்சி ஒன்றை எடுத்து உரசிப் பற்றவைக்கிறார். சில விநாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்து, அவருடைய விரல்நுனிகளை மட்டும் மருந்தால் மரத்துப்போகச் செய்கிறார்கள். அதே தீப்பெட்டி, அதே குச்சிகள். கண் தெளிவாகப் பார்க்கிறது. விரல்களை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருப்பதால் அவற்றுக்கும் ஒரு குறைவில்லை. ஆனாலும் குச்சி நழுவுகிறது. மறுபடி எடுத்தால் தலைகீழாக வருகிறது. திருப்பப் போனால் கீழே விழுகிறது. குழந்தைப் பருவத்திலிருந்து எத்தனையோ முறை செய்து பழகிய ஒரு காரியம் அந்தக் கைக்குப் புதிதாகிவிடுகிறது.

கண் போனால் எப்படியிருக்கும் என்பதை இமைகளை மூடிக்கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். காதையும் பொத்திக்கொள்ளலாம். தொடுவுணர்வை மூடிப் பார்க்க வழியே இல்லை. தூக்கத்தில்கூட அது விழித்திருக்கிறது. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியம், புல்லுக்கும் மரத்துக்கும்கூட உண்டு என்று சொல்லி முதல் அறிவாக வைத்தது இதைத்தான். ஆனால் பார்வையைப் பற்றியும் செவியைப் பற்றியும் நடந்த அளவுக்குத் தொடுவுணர்வு பற்றிய ஆய்வு நெடுங்காலம் நடக்கவில்லை. அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் மூலக்கூறு எது என்பது தெரிந்ததே 2010இல்தான். அதற்கு முன்பே இந்த உணர்வைப் பற்றி உலகத்துக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள், அதை இழந்தவர்கள்.

விரல்நுனித் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அந்தத் தீக்குச்சி ஏன் விழுந்தது என்பது விளங்கும். ரோமமில்லாத அந்தத் தோலில் முக்கியமாக நான்கு வகை உணர்வேற்பிகள் உள்ளன. அவற்றை விவரித்தவர்களின் பெயராலேயே அவை வழங்குகின்றன. மெர்க்கெல் செல்கள் நிலையான அழுத்தத்தையும் விளிம்புகளையும் சொல்கின்றன. மெய்ஸ்னர் துகள்கள் தோலின்மேல் ஒரு பொருள் லேசாக நழுவத் தொடங்கும் கணத்திலேயே துடிக்கின்றன. ரூஃபினி முனைகள் தோல் இழுபடுவதைக் கவனிக்கின்றன. ஆழத்தில் இருப்பவை பசினித் துகள்கள். ஒரு மில்லிமீட்டர் அளவு நீளமுள்ள இவற்றை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். குறுக்கே வெட்டினால் வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காகத் தோல்கள், நடுவில் ஒரு நரம்பு நுனி. மெல்ல அழுத்தினால் அந்த அடுக்குகள் அழுத்தத்தை உள்வாங்கித் தணித்துவிடும். விநாடிக்கு 200, 300 முறை அதிரும் நடுக்கத்தை மட்டும் உள்ளே விடும். பேனா தாளில் உராய்வதையும் கத்தி காயை நறுக்குவதையும், விரல் அவற்றைத் தொடாமல் கைப்பிடி வழியாகவே உணர்வது இதனால்தான்.

1960களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் உப்சாலாவில் கார்ல்-எரிக் ஹாக்பார்த், ஓக்கே வால்போ இருவரும் மயிரிழை போன்ற உலோக ஊசியை விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள்ளேயே செலுத்தி, தனி நரம்பிழைகளின் துடிப்பைக் கேட்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த ஊசி முதலில் பாய்ந்தது அவர்களுடைய சொந்தக் கைகளில். அந்த முறையைக் கொண்டு வால்போவும் யோஹான்சனும் செய்த கணக்கீட்டின்படி ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் இப்படிப்பட்ட தொடுவுணர்வு நரம்பிழைகள் சுமார் 17,000. ஒரு டம்ளரைத் தூக்கும்போது அது இழையளவு நழுவினால் போதும். விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி இறுகிவிடுகிறது. தூக்கியவருக்கு அது நழுவியதே தெரியாது. மருந்து அந்தப் பெண்ணிடமிருந்து பறித்தது இந்த இடையறாத செய்தியைத்தான்.

இந்த உணர்வு எவ்வளவு நுண்மையானது என்பதை ஸ்டாக்ஹோமில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மிக நுண்ணிய வரிகள் கொண்ட பரப்புகளை விரலால் வருடிப் பார்க்கச் சொன்னபோது, 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளையும் வழுவழுப்பான பரப்பிலிருந்து பங்கேற்றவர்களால் பிரித்தறிய முடிந்தது. ஒரு தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல ஆயிரம் மடங்கு.

ஆனால் உடம்பின் எல்லா இடமும் விரல்நுனி ஆகிவிடாது. ஜெர்மனியின் லைப்சிக்கில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1834இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கவராயத்தின் இரு முனைகளை மட்டுமே கருவியாகக் கொண்டது. கண்ணை மூடிக்கொண்டிருப்பவரின் தோலில் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் வைத்து, ஒன்றா இரண்டா என்று கேட்பார். விரல்நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முதுகில் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் விலகினால்தான் தெரியும். வேபர் இன்னொன்றையும் கவனித்தார். கையில் தனியாக வைத்த எலுமிச்சம்பழத்தின் எடை உடனே தெரிகிறது. பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கியிருக்கும்போது அதே பழத்தைப் பையில் போட்டால் தெரிவதில்லை. கூடிய எடையின் அளவை உடல் பார்ப்பதில்லை, ஏற்கெனவே இருந்ததோடு அதன் விகிதத்தைத்தான் பார்க்கிறது. உணர்வை அளக்க முடியும், அதற்கு விதி உண்டு என்ற எண்ணமே இங்கிருந்துதான் தொடங்கியது.

தோலின் இந்த ஏற்றத்தாழ்வு மூளையிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எங்கே தொட்டால் உடம்பின் எந்தப் பகுதியில் குறுகுறுப்பு தெரிகிறது என்று குறித்துக்கொண்டே போனார். 1937இல் வெளியான அந்தப் பதிவுகளிலிருந்து பிறந்த வரைபடத்தில் உதடுகளும் கையும் பெரும் பரப்பை எடுத்துக்கொள்கின்றன. முதுகுக்கும் தொடைக்கும் கிடைப்பது ஒரு கீற்று.

தோலிலிருந்து வரும் எல்லாச் செய்தியும் இந்த வரைபடத்துக்குச் சென்று கவனம் பெற்றுவிடுவதில்லை. காலையில் போட்ட சட்டை அடுத்த சில நிமிடங்களில் மறந்துபோகிறது. நரம்பின் துடிப்பைப் பெருக்கிப் பதிவுசெய்த எட்கர் ஏட்ரியன், தூண்டல் மாறாமல் நீடித்தால் துடிப்பின் வேகம் குறைந்துகொண்டே போவதை 1920களில் கேம்பிரிட்ஜில் காட்டினார். 1932இல் அவருக்கும் சார்லஸ் ஷெரிங்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் மேலே மூளையின் தணிக்கை இருக்கிறது. தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள யாராலும் முடியாது. தன் கை எங்கே, எப்போது தொடப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்து, அந்தத் தொடுகையின் கூர்மையைக் குறைத்துவிடுகிறது என்று லண்டன் ஆய்வாளர்கள் 1998இல் மூளைப் படங்களால் காட்டினார்கள். எதிர்பார்த்தது நடந்தால் மூளைக்கு அதில் செய்தி இல்லை. எதிர்பாராதது நடந்தால் உடம்பே துள்ளுகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஓர் அடிப்படைக் கேள்வி மிச்சமிருந்தது. விரல் அழுந்துவது ஓர் இயந்திரச் செயல். நரம்பில் ஓடுவது மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எது? பெய்ரூட்டில் பிறந்து, உள்நாட்டுப் போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆர்டெம் படாபூட்டியனின் ஆய்வகம் இதை எடுத்துக்கொண்ட விதம் பொறுமைக்கு ஒரு பாடம். நுண்குழாயால் குத்தினால் மின்குறிப்பு தரும் ஒரு செல் வகையை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் திறனுக்குக் காரணமாக இருக்கக்கூடிய மரபணுக்கள் 72 என்று பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் செல்லைக் குத்திப் பார்த்தார்கள். பட்டியலில் மற்றவற்றை எல்லாம் முடக்கியும் செல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. 72ஆவது மரபணுவை முடக்கியபோது செல் பேசாமல் இருந்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்குப் பியெசோ1 என்று பெயரிட்டார்கள். அதன் உறவான பியெசோ2தான் தொடுவுணர்வு நரம்புகளில் இருப்பது. செல்லின் சவ்வு இழுபடும்போது இந்தப் புரதத்தின் நடுவே உள்ள துளை திறக்கிறது, மின்னூட்டமுள்ள அயனிகள் உள்ளே பாய்கின்றன, துடிப்பு பிறக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்த்துவதிலும் இதே பியெசோ2வுக்குப் பங்கு இருப்பது பின்னர் தெரியவந்தது.

2016இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன மருத்துவர்கள், பிறவியிலேயே பியெசோ2 செயல்படாத இரண்டு இளம் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதிரும் இசைக்கவையைத் தோலில் வைத்தால் அவர்களுக்கு அதிர்வு தெரியவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு வேறு. கண்ணைக் கட்டிவிட்டால் தங்கள் கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. தசையின் இழுவிசையையும் மூட்டின் வளைவையும் தெரிவித்து, உடம்பு எங்கே எப்படி இருக்கிறது என்று கணந்தோறும் சொல்லும் உணர்வு அவர்களிடம் இல்லை. ஐம்புலன் என்ற கணக்கில் இந்த உணர்வு சேராமல் போனது ஒரு பெரிய விடுபடல் என்றே சொல்ல வேண்டும். இதுவும் கண்ணின் துணையும் இல்லாமல் ஒருவர் எழுந்து நிற்கவும் முடியாது.

நிற்க முடியாமல் போன ஒருவரின் வரலாறு விரிவாகப் பதிவாகியிருக்கிறது. 1971இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேனுக்கு வயது 19. இறைச்சிக் கடையில் வேலை. ஒரு தொற்றுக்குப் பின், அவருடைய உடலின் எதிர்ப்பாற்றலே கழுத்துக்குக் கீழே உள்ள தடித்த உணர்வு நரம்பிழைகளை அழித்துவிட்டது. தசைகளுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்புகள் தப்பின. வலியையும் சூட்டையும் சொல்லும் மெல்லிய இழைகளும் தப்பின. ஆனால் படுக்கையில் கிடந்த அவருக்குத் தன் கைகால்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. அசைக்க நினைத்தால் கை எங்கோ வீசியது. இனி சக்கர நாற்காலிதான் என்றார்கள் மருத்துவர்கள். வாட்டர்மேன் கண்ணைக் கொண்டு உடம்பை ஓட்டக் கற்றுக்கொண்டார். கையைப் பார்த்து, எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று மனத்தில் கணக்கிட்டு, நகர்த்தி, மறுபடி பார்ப்பது. எழுந்து உட்காரவே மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. நடப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய மருத்துவர் ஜொனாதன் கோல் பிற்பாடு இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். திடீரென்று விளக்கு அணைந்தால் வாட்டர்மேன் சரிந்து விழுந்துவிடுவார். ஒரு முட்டையை உடையாமல் பிடிப்பதற்கு முழுக் கவனமும் வேண்டும். மற்றவர்கள் நினைக்காமலே செய்யும் ஒவ்வொன்றையும் அவர் நினைத்தே செய்தார்.

வாட்டர்மேனிடம் மிச்சமிருந்த சூட்டுணர்வும் வலியும் வேறொரு வழியில் வேலை செய்பவை. அந்த வழியைத் திறந்துகாட்டியது மிளகாய். சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் குழு, வலி நரம்புகளில் இயங்கும் மரபணுத் துண்டுகளை எல்லாம் திரட்டி, மிளகாயின் கேப்சைசினுக்கு எந்த எதிர்வினையும் காட்டாத செல்களுக்குள் புகுத்திப் பார்த்தது. ஒரே ஒரு மரபணு புகுந்த செல்கள் மட்டும் காரத்தை உணர்ந்தன. 1997இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பின் உச்சம் அடுத்த சோதனையில்தான் வந்தது. அதே புரதம் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் திறந்துகொண்டது. காரம் நாக்கின் சுவைகளில் ஒன்று இல்லை. சுடுவதைச் சொல்வதற்காக உடம்பு வைத்திருக்கும் வாயிலை மிளகாய் திறந்துவிடுகிறது. வாயின் வெப்பநிலை கூடுவதில்லை, ஆனால் எரிகிறது, வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது. போர்த்துகீசியர் மிளகாயைக் கொண்டுவருவதற்கு முன் இந்த நாட்டுச் சமையலுக்குக் காரம் தந்த மிளகும் இதே புரதத்தைத்தான் தூண்டுகிறது. கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. தயிரிலும் பாலிலும் உள்ள கேசின் என்ற புரதம் அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும். காரக் குழம்புக்குப் பின் தயிர்ச்சோறு தேடும் நாக்குக்கு வேதியியல் துணை நிற்கிறது.

பறவைகளிடமும் இந்தப் புரதம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு சற்று வேறுபட்டிருப்பதால் கேப்சைசின் அதைத் திறப்பதில்லை. விதையை மென்று அழிக்கும் எலிகளைத் துரத்திவிட்டு, விழுங்கிப் பரப்பும் பறவைகளுக்கு விருந்து வைக்கிறது மிளகாய்ச் செடி.

2002இல் ஜூலியஸும் படாபூட்டியனும் தனித்தனியே குளிரை உணரும் புரதத்தைக் கண்டார்கள். இம்முறை உதவியது புதினா வகைகளில் உள்ள மெந்தால். 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. மிளகாய்ப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளும் சூட்டிலிருந்து விலகிக்கொண்டிருந்தன. 2018இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் மூன்று வெவ்வேறு புரதங்களையும் ஒருசேர நீக்கிய பின்புதான் எலிகள் காயப்படுத்தும் சூட்டையும் உணராமல் நின்றன. சுடுவதை அறிவது உயிருக்கு அவ்வளவு அவசியம். ஒன்று தவறினால் பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு வைத்திருக்கிறது உடம்பு.

இருட்டில் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டவருக்கு வலி இரண்டு தவணையாக வருவது தெரிந்திருக்கும். முதலில் பளிச்சென்று ஒரு குத்தல். ஓரிரு விநாடி கழித்து உள்ளிருந்து பரவும் கடுப்பு. முதல் செய்தியைக் கொண்டுவரும் இழைகள் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்பவை. இரண்டாவதைக் கொண்டுவருபவை உறையற்ற மெல்லிய இழைகள். அவற்றின் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. வெறும் தொடுகையைச் சொல்லும் தடித்த இழைகள் இரண்டையும் முந்திவிடும். இடித்த இடத்தைக் கை தானாகத் தேய்ப்பதற்கும் காரணம் உண்டு. தடித்த இழைகள் கொண்டுவரும் தொடுகைச் செய்தி தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்தக்கூடும் என்று ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்தார்கள். அவர்கள் வரைந்த இணைப்புகளில் சில பிற்பாடு திருத்தப்பட்டன. வலி மேலே போகும் வழியிலேயே கூட்டப்படவும் குறைக்கப்படவும் முடியும் என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது.

எவ்வளவு குறைக்கப்படலாம் என்பதை அதற்கு முன்பே போர்க்களம் காட்டியிருந்தது. 1944இல் இத்தாலியின் ஆன்சியோ முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களிடம் வலிமருந்து வேண்டுமா என்று கேட்டபோது நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு உணர்வு மங்கியிருக்கவில்லை; தாறுமாறாக ஊசி குத்தினால் முகம் சுளித்தார்கள். அந்தக் காயம் அவர்களைக் களத்திலிருந்து உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட்டது என்பதே காரணம் என்று பீச்சர் கருதினார். இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வை 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. 15 சென்டிமீட்டர் ஆணி மேல் குதித்துவிட்ட ஒரு கட்டடத் தொழிலாளி. ஆணி காலணியைத் துளைத்து மேலே வந்திருந்தது. கால் லேசாக அசைந்தாலும் தாங்க முடியாத வலி என்பதால் வலுவான மருந்துகள் கொடுத்தே காலணியைக் கழற்றினார்கள். ஆணி விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறலும் இல்லை. அவர் நடிக்கவில்லை. கண் கண்டதை வைத்து மூளை ஆபத்து என்று தீர்மானித்தது, அந்தத் தீர்மானமே வலியாயிற்று.

மூளையின் இந்தத் தலையீடு வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கக்கூடியதும் இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. ஓபியம் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் அந்த நிவாரணம் மறைந்துவிட்டது என்று 1978இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம்பிக்கை பிறந்தபோது மூளை தன் சொந்தச் சரக்கிலிருந்தே வலிமருந்தைச் சுரந்திருக்கிறது.

இல்லாத கை வலிப்பது இந்த வரிசையில் மிகக் கொடிய உதாரணம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்த சிலரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டபோது, இழந்த கையின் விரல்களில் தொடுவதுபோல் இருக்கிறது என்றார்கள். மூளை வரைபடத்தில் கையை அடுத்து இருப்பது முகம். செய்தி வராமல் காலியான இடத்தை அண்டையிலுள்ள முகம் ஆக்கிரமித்துவிட்டது என்று அவர் விளக்கினார். கண்ணாடிப் பெட்டி ஒன்றில், எஞ்சிய கையின் பிம்பத்தைக் காட்டி, இறுகிக்கிடந்த இல்லாத கையை ‘விரித்து’ வலியைத் தணித்த அவருடைய சிகிச்சை 1990களில் உலகமெங்கும் பேசப்பட்டது. ஆக்கிரமிப்பு விளக்கம் மட்டும் இன்று ஆட்டங்கண்டிருக்கிறது. தமார் மேக்கினின் குழு, மருத்துவக் காரணங்களுக்காகக் கை அகற்றப்படவிருந்த மூவரின் மூளையை முன்பே படம்பிடித்து, அகற்றிய பின்பும் தொடர்ந்து படம்பிடித்து 2025இல் முடிவை வெளியிட்டது. இல்லாத கையை அவர்கள் அசைக்க முயன்றபோது, கைக்கான வரைபடம் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. கை போனாலும் மூளை கையைக் கைவிடவில்லை.

வலியைத் தணிப்பதற்கே மருத்துவம் இத்தனை காலம் போராடி வந்திருக்கிறது. வலியே இல்லாத உடம்பு எப்படியிருக்கும் என்பதற்கு லாகூரில் ஒரு சிறுவன் விடையாக வாழ்ந்தான். கத்தியைக் கையில் செருகிக் காட்டியும் நெருப்புத் தணல் மேல் நடந்தும் தெருவில் வித்தை செய்தவன். ஆய்வாளர்கள் அவனைப் பற்றி அறிந்து பரிசோதிப்பதற்குள் இறந்துபோனான்; 14 வயது நிறையவில்லை, ஒரு வீட்டின் கூரையிலிருந்து குதித்திருந்தான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் அதே நிலையில் இருந்த ஆறு பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சூடு, குளிர், தொடுகை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தன. வலி மட்டும் இல்லை. ஆறு பேருக்குமே உதட்டிலோ நாக்கிலோ பழைய காயம். பால்பல் வயதில் தாங்களே கடித்துக்கொண்டது. வலி நரம்பில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் ஒரு சோடியம் வாயில் மரபணுப் பிழையால் அவர்களிடம் வேலை செய்யவில்லை. அந்தக் கண்டுபிடிப்பு மருந்து நிறுவனங்களை இந்த வாயில்களின் பக்கம் திருப்பியது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின், இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சோடியம் வாயிலை அடைத்து வலியைக் குறைக்கும் மருந்து, ஓபியம் சேராதது.

வலி இல்லாமையை மிக நெருக்கத்தில், மிக அதிகமானவர்களிடம் கண்டறிந்த இடம் வேலூர். கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோருக்கு 1914இல் அங்கேயே பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் நிலையத்தை நடத்திய ராபர்ட் காக்ரேன் அவரை அங்கே அழைத்துப்போய்க் காட்டினார். மடங்கிய விரல்கள், குட்டையாகிப்போன கைகள், ஓட்டை விழுந்த பாதங்கள். இந்த நோயில் சதை தானே அழுகி உதிர்கிறது என்பதே அன்று மருத்துவர்களும் ஊரும் நம்பியது. பிராண்ட் அந்தச் சதையை எடுத்துப் பரிசோதித்தார். ஆரோக்கியமான மனிதரின் சதைக்கும் அதற்கும் வேறுபாடு காண முடியவில்லை. அறுவை செய்தால் புண் ஒழுங்காக ஆறியது. அப்படியானால் விரல்கள் எங்கே போகின்றன?

விடை பரிசோதனைக்கூடத்தில் கிடைக்கவில்லை. நோயாளிகள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று உடனிருந்து பார்த்ததில் கிடைத்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் ஒருநாள் பிராண்ட் திணறியபோது, ஒல்லியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவ்வளவு வலிமை அந்தக் கைக்கு எப்படி வந்தது என்று அவர் வியந்து பார்த்தபோது தரையில் ரத்தச் சொட்டுகள். சாவி விரலை எலும்பு வரை வெட்டியிருந்தது. சிறுவனுக்குத் தெரியவில்லை. மற்றவர்களின் பிடியை ஓர் அளவில் நிறுத்துவது வலிதான். அவனுக்கு அந்த வரம்பு இல்லை. ஒருவர் அடுப்புத் தணலிலிருந்து கிழங்கை வெறுங்கையால் எடுப்பார். ஒருவரின் மண்வெட்டிப் பிடியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேயிருக்கும். தூங்கும்போது விரல்நுனிகளை எலி கடித்துவிட்டுப் போயிருக்கும். நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கச் சொன்னார்கள். கண் எரிந்தால்தான் இமை கொட்டும். கருவிழி மரத்துப்போனால் இமை கொட்டுவதும் குறைந்து பார்வையும் போகும். நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ச்சியான பகுதிகளை நாடுவது. தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைத் தாக்கி உணர்வை அணைப்பதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மீதி அழிவைச் செய்தவை சாவியும் தணலும் எலியும் முள்ளும்தான்.

இந்த ஒரு புரிதல் பலருடைய விரல்களையும் கால்களையும் காப்பாற்றியது. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய கையை விரிய வைக்கும் அறுவைகளைப் பிராண்டும் அவருடைய சகாக்களும் வேலூரில் செம்மைப்படுத்தினார்கள். 1955இல் கரிகிரியில் ஆய்வு மருத்துவமனை எழுந்தது. அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவும்படி, நுண்ணிய துளைகள் கொண்ட மென்மையான ரப்பரால் செருப்புகள் செய்தார்கள்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே இன்னொரு முயற்சியில் இறங்கினார்: வலியைச் செயற்கையாகத் தருவது. கையுறையில் அழுத்தமானிகளைப் பொருத்தி, அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஒலி எழும்படி செய்தார்கள். கையில் பிடித்த வேலை முக்கியமாக இருந்தால் நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. உணர்வு மிச்சமிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். அதிர்ச்சி வரும் என்று தெரிந்த வேலையைச் செய்யும்முன் நோயாளிகள் கருவியை நிறுத்திவைத்தார்கள், முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்த பின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எச்சரிக்கையைக் கேட்டவுடன் பணிய வேண்டும் என்ற கட்டாயத்தோடு அதை எப்படித் தருவது என்று எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியவில்லை. வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட முடியாதபடி கவனத்தைப் பறிப்பதுதான் வலியின் பயன்; மனிதர் அதை வெறுப்பதும் அதனால்தான்.

தொழுநோய் இன்று மருந்தால் குணமாகிறது, எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. உணர்வற்ற கால் மட்டும் குறையவில்லை. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. கட்டுப்படாத சர்க்கரை முதலில் தாக்குவது நீளமான நரம்பிழைகளை. ஆகவே மரத்துப்போவது பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். செருப்புக்குள் கிடந்த கல் நாள் முழுக்க உறுத்தியும் தெரியாது. கோடையில் வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தைச் சுற்றி வந்தவர், பாதம் கொப்பளித்திருப்பதை வீட்டுக்கு வந்து ஈரத்தைப் பார்த்த பிறகே அறிவார். கால் அகற்றும் நிலைக்குப் போனவர்களில் பலருக்கும் தொடக்கம் இப்படி ஒரு சிறு புண்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட நைலான் இழை ஒன்று போதும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் அடியிலும் பாதத்தின் முன்பகுதியிலும் சில இடங்களில் இழை வளையும்வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வரும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இது செய்யப்பட வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் ரத்தச் சர்க்கரை எண்ணைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லாமலே அனுப்பிவிடுவது வேதனையான உண்மை. இழை தெரியவில்லை என்பவருக்குச் சொல்ல வேண்டியவை பெரும்பாலும் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளிகளிடம் கற்றவை: இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, கால் நனைக்கும் வெந்நீரை முழங்கையால் சோதிப்பது, செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது. அங்கே உருவான மென்ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள்.